மதிலோரத்துக் கானாங்கோழி

சத்தம் போடுவது ஒரு பறவை என்பதையே முதலில் யாரும் நம்பவில்லை. தவளை என்றார் முதல் மாடிக்காரர். பக்கத்து வளாகத்தில் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுகிறது என்றார்கள் இரண்டாம் மாடியில். "கானாங்கோழி சார், எங்க ஊர்ல ஏரிக்கரை பூரா இதுதான்" என்று காவலாளி அண்ணன் சொன்ன பிறகுதான் வழக்குக்குப் பிரதிவாதி கிடைத்தார்.

பள்ளிக்கரணைப் பக்கத்துக் காலி மனைகள் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாலையைவிடப் பள்ளம், முதல் மழைக்கே தேங்கும் தண்ணீர், சம்பு, ஆகாயத்தாமரை. எங்கள் பின்மதிலை ஒட்டிய மனையும் அப்படித்தான். அங்கே ஒரு ஜோடி வெண்மார்புக் கானாங்கோழி குடியிருக்கிறது.

பகலில் பார்த்தால் இதுவா அது என்று தோன்றும். முதுகு கருஞ்சாம்பல், முகமும் மார்பும் சலவை வெள்ளை, வாலடியில் செங்காவி. நீண்ட விரல்களை இலைமேல் பரப்பி வைத்து, குட்டை வாலை வெடுக்கென்று தூக்கித் தூக்கி, புழுவும் நத்தையும் பொறுக்கிக்கொண்டு போகும். ஆள் வந்தால் அவசரமில்லாமல் புதருக்குள் நுழைந்துகொள்ளும். இருட்டியதும் ஆரம்பிக்கும் கச்சேரி. முதலில் உறுமலும் கனைப்பும், பிறகு ஒரே தாளத்தில் 'குவாக், குவாக், குவாக்'. கால் மணி நேரம்கூட விடாமல் தொடரும். மிருதங்கத் தனி ஓய்ந்ததென்று எழுந்தால் கடம் தொடங்குமே, அப்படி, இது நின்றதும் சம்புக்குள்ளிருந்து துணை பதில் கொடுக்கும்.

மழைக்காலம் இதற்குக் குடும்பம் நடத்தும் காலம். அடர்ந்த புதருக்குள் வாழும் பறவைகள் ஒன்றையொன்று கண்ணால் பார்த்துக்கொள்வது சிரமம். இது என் இடம் என்று அண்டைக் கோழிக்குச் சொல்வதற்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று துணைக்குச் சொல்வதற்கும் குரல்தான் வழி. ஆறேழு முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய இருபது நாள் அடைகாக்கும். குஞ்சுகள் கரிக்கட்டை நிறத்தில் இருக்கும்.

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஜேசிபி வைத்துப் புதரை வழித்துவிடலாம் என்ற யோசனை வந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான் என்று சொன்னேன். "பட்டாசு கொளுத்தினா?" என்றார் ஒருவர். அந்தச் சத்தத்தில் யார்தான் தூங்க முடியும் என்பதை அவரே யோசித்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு விளங்காதது வேறு. இதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரோடு சதுப்பு நிலத்துக்குப் பூநாரை பார்க்கப் போகிறார்கள். 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது வாழ்த்துச் சொன்னவர்களும் இவர்களே. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பூநாரை அந்தக் கணக்கு தெரிந்த பறவை: பருவத்துக்கு வந்து, தூரத்தில் நின்று, படத்துக்கு முகம் காட்டிப் போய்விடும். கானாங்கோழி விருந்தாளி இல்லை. வருடம் முழுக்க மதிலுக்கு அந்தப்பக்கமே இருக்கிறது. அண்டை வீட்டாரிடம் நாம் காட்டும் முகச்சுளிப்பு அதற்கும் கிடைக்கிறது. பறவைகளை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் பாதி, அவை கிளம்பிவிடும் என்ற நம்பிக்கை என்றே நினைக்கிறேன்.

எனக்கும் தூக்கம் கெடத்தான் செய்கிறது. ஜன்னலைச் சாத்துகிறேன், மின்விசிறியைக் கூட்டி வைக்கிறேன். இதைவிடப் பெரிய தீர்வு என்னிடம் இல்லை, தேவையும் இல்லை.

இப்போதைக்குப் புதரைத் தொடுவதில்லை என்று செயலாளர் தீர்மானம் எழுதினார். முதல் மாடிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கத்துறது பரவாயில்ல சார். அந்த இன்னொண்ணை மட்டும் பதில் சொல்லாம இருக்கச் சொல்லுங்க."