பெட்ரோல் முள் புளுகினால்...

ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் 'பாதி டாங்க்' என்று காட்டுகிறது. நம்புவீர்களா?

காலாப்பட்டுக்காரர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். ஊர் புதுச்சேரிக்குச் சொந்தம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனாலும் தமிழ்நாடு, தெற்கே போனாலும் தமிழ்நாடு! பெட்ரோலோ புதுச்சேரிப் பக்கம்தான் விலை குறைவு. எல்லை தாண்டுமுன் டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிவது அங்கே குடும்பப் பொருளாதாரம்.

அங்கே ஒரு டீக்கடையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கும் மாணவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பொறியியல் கல்லூரியாக இருந்து 2020-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட கல்விச்சாலையின் பிள்ளை. அவர் வண்டியின் முள் பாதியில் நின்றது.

"அது கெடக்கட்டும் ஸார். போன ஞாயித்துக்கிழமை ஃபுல் டாங்க், அஞ்சு லிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர். 200 ஓடியாச்சு. உள்ளே அரை லிட்டர்தான் இருக்கணும். முள்ளு பாதிங்குது. அப்ப யார் புளுகுறது?"

கவனியுங்கள். இன்னொரு முள் வாங்கி மாட்டவில்லை. பைசா செலவில்லை. கிலோமீட்டர் மீட்டரையும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலையும் வைத்து ஒரு பொய்சாட்சியைப் பிடித்துவிட்டார்!

வழக்கமாக இன்ஜினீயர்கள் செய்வது வேறு. முக்கியமான இடத்தில் ஒரு சென்ஸாருக்குப் பதில் மூன்று வைப்பார்கள். இரண்டு ஒன்று சொல்லி மூன்றாவது மாற்றிச் சொன்னால், மூன்றாவது அவுட். சுத்தமான பஞ்சாயத்து. ஆனால் காசு கூடும், எடை கூடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே குணம் என்றால், ஏமாறும்போது சேர்ந்தே ஏமாறுவார்கள்.

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் ஃபிரான்ஸ் விமானம். வேகத்தை அளக்கக் குழாய்கள் மூன்று இருந்தும், வானத்துப் பனிப்படிகங்கள் கொஞ்ச நேரம் அடைத்ததில் வேகக் கணக்கு தாறுமாறாகியது. ஆட்டோ பைலட் கையை விரித்தது. விமானிகள் குழம்பினார்கள். அட்லான்டிக்கில் 228 உயிர்கள் போயின. இத்தனைக்கும் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது, என்ஜின் எவ்வளவு சக்தியில் ஓடுகிறது என்று தெரிந்தால், வேகம் சுமாராக இவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதே ஸ்கூட்டர் கணக்கு!

இந்தக் கணக்கை ஸாஃப்ட்வேரிடம் ஒப்படைப்பதுதான் இப்போது வழக்கம். எந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு மாதிரி எழுதி வைத்துவிடுவார்கள். அது நொடிக்கு நொடி, 'இப்போது இவ்வளவு இருக்க வேண்டும்' என்று ஊகிக்கும். சென்ஸார் சொல்வதோடு ஒப்பிடும். வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டினால் சந்தேகக் கேஸ். ஊகத்தையும் அளவையும் கலந்து உண்மையை நெருங்கும் வழியை 1960-லேயே கால்மன் என்பவர் எழுதிவிட்டார். அப்பல்லோ நிலவுக்குப் போனது அந்தக் கணக்கின் துணையோடுதான்.

சரி, எல்லை எவ்வளவு? எத்தனை நேரம் பொறுப்பது? சிக்கலே இங்கேதான்.

2022 ஆகஸ்ட் 7, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எஸ்.எல்.வி. என்ற புது ராக்கெட்டின் முதல் பயணம். எடை 120 டன், சுமப்பது 500 கிலோ. அதில் தேவையில்லாமல் ஒரு பெட்டியைக் கூடுதலாக வைக்க யாருக்கு மனசு வரும்? உள்ளே இருந்த ஆசாதிசாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளுக்காக உழைத்தவர்கள் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர். மூன்று நிலைகளும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் இரண்டாம் நிலை கழன்றபோது ஒரு குலுக்கல், மிகக் கொஞ்ச நேரம். வேக மாற்றத்தை அளக்கும் சென்ஸார்கள் அதில் தடுமாறின. கண்காணித்த ஸாஃப்ட்வேர் உடனே தீர்ப்பெழுதிவிட்டது: 'சென்ஸார்கள் காலி.' அவற்றின் பேச்சைக் கேட்காமல் ராக்கெட் ஆபத்துக்கால வழியில் போயிற்று. 356 கிலோமீட்டர் வட்டத்தில் போகவேண்டிய செயற்கைக்கோள்கள் 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விழுந்தன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று விடுமா? எல்லாம் போச்சு.

சென்ஸார்கள் செத்துப்போகவில்லை. கொஞ்சம் அதிர்ந்தன, அவ்வளவுதான்! அதிர்ச்சியில் உளறியவனை, பைத்தியம் என்று முத்திரை குத்திய கதை.

இஸ்ரோ மூடி மறைக்கவில்லை. நிலை பிரியும் முறையையும் மாற்றினார்கள், ஸாஃப்ட்வேர் தர்க்கத்தையும் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10-ல் அதே ராக்கெட் ஜம்மென்று போய்ச் சேர்ந்தது. ஆசாதிசாட்-2 உள்ளே இருந்தது.

இதில் ஆபீஸ்வாசிகளுக்கும் பாடம் உண்டு. வாசலில் கைரேகை மெஷின். காலையில் வெங்காயம் நறுக்கிய கட்டைவிரலை அது அடையாளம் தெரியாது என்கிறது. உடனே 'ஆப்ஸென்ட்'. ஆள் ஸீட்டில் இருக்கிறார், ஃபைல் நகர்ந்திருக்கிறது, கேன்டீன் கணக்கில் இரண்டு டீ ஏறியிருக்கிறது. மூன்று கணக்குச் சாட்சிகள்! ஒன்றையும் விசாரிக்காமல் அரை நாள் சம்பளத்தை வெட்டும் மேனேஜர்களை என்ன சொல்வது?

எஸ்.எஸ்.எல்.வி.யாவது ஆறே மாதத்தில் திருந்திவிட்டது.