பிழையும் பிழைத்தவரும்

1981ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியான ஓர் அறிக்கையை அண்மையில் படிக்க நேர்ந்தது. ஆர்.எஃப்.சி. 789 என்பது அதன் எண். எழுதியவர் எரிக் ரோசன். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலைப்பின்னலைக் கட்டிப் பராமரித்த போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1980 அக்டோபர் 27 அன்று அவ்வலைப்பின்னல் முழுவதும் பல மணி நேரம் செயலற்றுக் கிடந்ததன் காரணத்தை அவ்வறிக்கை விளக்குகிறது. நாவல்களை ஒதுக்கிவிட்டு இதைப் படிப்பானேன் என்று உடன் பணியாற்றும் நண்பர் கேட்டார். நாம் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுப்பி, மறுமுனையில் ஒன்று சேர்த்துக்கொள்ளும் முறையில் அமைந்தது அர்ப்பாநெட். பாக்கெட் என்னும் பெயரை அதற்குச் சூட்டியவர் இங்கிலாந்தின் டொனால்ட் டேவிஸ். பிற மொழிகளிலும் இச்சொல்லுக்கு இணை கிடைக்குமா என்று மொழி வல்லார் ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே அவர் அதைத் தேர்ந்தாராம். (அவர் நம்மைக் கேட்டிருந்தால் பொதி என்போம். பொட்டலம் என்போரும் உளர். அச்சொல்லில் மளிகைக்கடை மணக்கிறது.)

அர்ப்பாநெட்டின் ஒவ்வோரிடத்திலும் இம்ப் என்றழைக்கப்பட்ட சிறு கணிப்பொறி ஒன்று நின்று பொதிகளை வழியனுப்பும். எவ்வழி செம்மையாக உள்ளது, எவ்வழி நெரிசலாக உள்ளது என்று ஒவ்வோர் இம்ப்பும் தன் நிலையை அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வறிவிப்பை அண்டையிலுள்ளது பெற்றுத் தன் அண்டைக்குக் கடத்தும். இவ்வாறு ஊரெங்கும் பரவும். பழைய அறிவிப்பு எது, புதியது எது என்று அறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதற்கு ஒதுக்கப்பட்டவை ஆறே பிட்டுகள். எனவே 0 முதல் 63 வரை எண்ணி, மீண்டும் 0க்குத் திரும்ப வேண்டும். வட்டத்தில் ஓடுவோருள் முந்தியவர் யார் என்று எப்படிச் சொல்வது? முப்பத்திரண்டு அடிக்குள் முன்னால் நிற்பவரே முந்தியவர் என்று ஒரு விதி வகுத்தனர். பழைய அறிவிப்புகள் வலைப்பின்னலில் நெடுநேரம் தங்கமாட்டா என்பது அவ்விதியின் அடியில் இருந்த நம்பிக்கை.

அன்றைய நாளில் 50ஆம் இம்ப்பின் பெயரால் மூன்று அறிவிப்புகள் ஒரே நேரத்தில் உலவின. அவற்றின் எண்கள் 44, 40, 8. இரும எண்ணாக எழுதினால் 101100, 101000, 001000. உற்று நோக்குங்கள். முதலாவதில் ஓர் 1 உதிர்ந்தால் இரண்டாவது. அதிலிருந்து இன்னோர் 1 உதிர்ந்தால் மூன்றாவது. அண்டையிலிருந்த 29ஆம் இம்ப்பின் வன்பொருள் அன்று பழுதுற்றிருந்தது. கம்பிவழி செல்லும்போது நேரும் சிதைவைக் காட்டிக்கொடுக்கக் காவல் இருந்தது. நினைவகத்துக்குள் நேரும் சிதைவுக்கு அக்காவல் போதவில்லை.

இனி விதியைப் பொருத்திப் பார்ப்போம். 40ஐ விட 44 புதியது. 8ஐ விட 40 புதியது. ஆனால் வட்டக் கணக்கில் 44ஐ விட 8 புதியது! கையில் எது இருந்தாலும் அதை விடப் புதியது ஒன்று உண்டு. ஒவ்வோர் இம்ப்பும் அதை ஏற்றுக் கடத்தியது, அடுத்தது வந்தது, அதையும் ஏற்றுக் கடத்தியது. முடிவேயில்லை. இவ்வேலைக்கே முதலிடம் தரப்பட்டிருந்தமையால் பிற பணிகள் பட்டினி கிடந்தன. இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்துவிட்டன போலத் தோன்றின. ஓர் இம்ப்பை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலும் பயனில்லை. அண்டையிலிருந்து அதே மூன்று எண்கள் மறுபடி வந்து சேரும். இறுதியில், 50ஆம் இம்ப் சொல்லும் எதையும் கேளாதே என்னும் சிறு திருத்தத்தை எல்லா இம்ப்புகளிலும் புகுத்திய பிறகே அமைதி திரும்பியது.

சுவடி பெயர்த்தெழுதியோரின் பிழைகளை வகுப்பில் விளக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஏடெழுதுவோர் ஒருவர் ஓர் எழுத்தை விடுவார். அதைப் பார்த்து எழுதுபவர் இன்னொன்றை விடுவார். மூன்று பாடங்களும் ஒரே பெயரால் உலவும். பதிப்பாசிரியர் மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால்தான் எது எதிலிருந்து பிறந்தது என்பது புலப்படும். அன்று பொறியாளர்கள் செய்ததும் அதுவே. இம்ப்புகளின் நினைவகத்தை அப்படியே படியெடுத்து, வரிசையில் காத்துக் கிடந்த அறிவிப்புகளைப் படித்தனர்.

நம்மை ஈர்த்தது இதற்கும் மேற்பட்ட ஒன்று. பழுதான வன்பொருளின் தலையில் பழியைப் போட்டு அறிக்கையை ரோசன் முடித்திருக்கலாம். அவரோ, ஒரு பொறியின் தவறான சொல் ஊர் முழுவதையும் வீழ்த்தும்படி நெறிமுறையை அமைத்தது ஏன் என்று தம் தரப்பை நோக்கியே கேள்வி எழுப்புகிறார். அக்கேள்வி வீண்போகவில்லை. ராடியா பெர்ல்மன் 1983இல் எழுதிய ஆய்வுரையில், வட்டமாகச் சுற்றாத நெடிய வரிசை எண்ணும், ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஒரு வயதும் வேண்டும் என்றார். இன்று பெருவழக்கிலுள்ள ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் ஓர் அறிவிப்பின் உச்ச வயது 3600 நொடி.

இனி நம் கதைக்கு வருவோம். நம் கல்லூரியில் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை ஏற்ற வேண்டிய கடைசி நாளன்று வலைப்பின்னல் அடியோடு நின்றது. முந்தைய வாரம்தான் ஆய்வக உதவியாளர் ரவுட்டரின் அமைப்பைச் சற்று மாற்றியிருந்தார்; தொகுப்பூதியத்தில் பணிபுரிந்த இளைஞர் அவர். காரணம் கிடைத்துவிட்டது என்று குழு முடிவு செய்தது. தமிழாசிரியர் என்பதால் கடிதம் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. "கவனக்குறைவால் நேர்ந்த பெரும் இடர்" என்பது நம் தொடர். அதிலே நமக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாள் காலை யாரும் எதுவும் செய்யாமலே வலைப்பின்னல் எழுந்து நின்றது. எப்படி எழுந்தது என்று எவரும் கேட்கவில்லை. அவ்விளைஞர் அத்திங்கள் இறுதியில் விலகிவிட்டார்.

இரு திங்கள் கழித்து மறுபடி நின்றது. இம்முறை வெளியிலிருந்து வந்தவர் ஒவ்வோர் அறையாகக் கம்பியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே சென்றார். அலுவலக மேசையடியில் ஒரு சுவிட்ச். ஒரே கம்பியின் இரு முனைகளும் அதிலேயே செருகப்பட்டிருந்தன. எல்லாருக்குமென்று அனுப்பப்படும் பொதி அவ்வளையத்துள் புகுந்தால் ஓயாமல் சுற்றும், பெருகும். ஐ.பி. பொதிக்கு ஆயுள் வரம்பு உண்டு. அதைச் சுமக்கும் ஈதர்நெட் சட்டகத்துக்கு இல்லை. இதற்கென்றே 1985இல் ஸ்பானிங் ட்ரீ என்னும் காப்பு முறையை வகுத்தவரும் அதே பெர்ல்மன்தான். நாம் மலிவாக வாங்கிய சுவிட்சில் அது இல்லை.

"போன தடவையும் இப்படித்தான் கால்ல தட்டுச்சு சார், காலியா இருந்த ஓட்டையில சொருகி வெச்சேன். சாயங்காலம் வேற மிஷினுக்கு வேணும்னு எடுத்துட்டேன்" என்றார் எழுத்தர். அவரிடம் குற்றம் காண நமக்கு வாய் எழவில்லை. அந்த ஒரு செருகல் கல்லூரி முழுவதையும் நிறுத்த முடிந்தது ஏன் என்பதல்லவா கேள்வி? சுவிட்சை வாங்க ஒப்பமிட்ட குழுவில் நாமும் இருந்தோம்.

நம் அலுவலகக் கடிதங்களில் நிகழ்ச்சிக்கு வரிசையே இருப்பதில்லை. எத்தனை மணிக்கு எது நின்றது, எதைத் தொட்டோம், தொட்டபின் என்ன மாறியது என்பன இல்லை. யார் செய்தது என்பது மட்டும் உண்டு. பொறுப்பை நிர்ணயிக்காவிட்டால் ஒழுங்கு கெடும் என்று முதல்வர் சொன்னார். அவ்வாதத்தை நாம் தள்ளவில்லை. ஆனால் காரணம் தெரியுமுன் நிர்ணயித்த பொறுப்பு இரு திங்கள் கழித்து அதே இடரைத் திரும்பவும் கொண்டுவந்தது. அதற்கு அவரிடம் விடையில்லை.

சுவிட்சுக்கு அருகில் இப்போது ஒரு குறிப்பேடு தொங்குகிறது. முதற்பக்கத்தில் இரு நாள்களின் நிகழ்ச்சிகளையும் நேரத்தோடு எழுதியுள்ளோம். முந்தைய கடிதத்தை எழுதியவர் யார் என்பதையும் எழுதினோம். அப்பக்கத்தின் படியொன்றை அவ்விளைஞருக்கும் அனுப்பினோம். இதுவரை மறுமொழி இல்லை.