கேட்ட பிறகு வரைதல்

நம் தொழிலில் புதிதாகக் காலடி வைக்கும் இளைஞர்கள் தங்கள் வேலைகளை இவ்விதழுக்கு அனுப்பும்போது, படங்களுடன் இணைக்கும் விளக்கக் குறிப்பில் நிலத்தோடு இயைந்தது என்றும் சமூகத்துக்கு உரியது என்றும் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். உத்தேசம் நல்லதுதான், ஆயினும் அவ்வாசகங்கள் கட்டடத்தின் சுவரிலும் கூரையிலும் செலவுக் கணக்கிலும் என்னவாக உருக்கொண்டன என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு செங்கல் முகப்பும் அந்திவெயிலில் எடுத்த ஒரு புகைப்படமுமே மிஞ்சுகின்றன.

இந்த மனக்குறையோடு, கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவின் ஆரம்ப கால வேலைகளை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி நேர்ந்தது. பம்பாயில் படிப்பைத் தொடங்கி, லண்டனில் அதை முடித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் என்னும் கீர்த்தியோடு ஊர் திரும்பிய அவருக்கு முதலில் வாய்த்தது, பெற்றோரின் நண்பர்களுக்காகக் கண்டி மலைச்சரிவில் கட்டவேண்டியிருந்த கருணாரத்ன இல்லம். 1951இல் முடிந்த அந்த வீட்டைப் பற்றி இன்று பேசுவோர் அதன் அழகைப் பேசுகிறார்கள். நாம் முதலில் பார்க்க வேண்டியது அதன் தரையை.

மலைச்சரிவில் மனை வாங்கியவர் பொதுவாகச் செய்யும் முதற் காரியம், மண்ணை வெட்டிச் சமதளமாக்கி, வெட்டுமுகத்துக்கு உயரமான தாங்குசுவர் எழுப்புவதுதான். அச்சுவரின் பின்னே மழைநீர் தேங்கி, கசிவுத் துளைகளும் அடைபட்டுப் போனால், மண்ணின் பாரத்தோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும் என்பதும், மேலேயுள்ள அயலவனின் அஸ்திவாரமும் அதனோடு ஆட்டங்காணும் என்பதும் நமக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் வெட்டுகிறோம், ஏனெனில் சமதளத்தில் வரைவது சுலபம். கருணாரத்ன இல்லத்திலோ தரைமட்டங்கள் சரிவை அனுசரித்து ஏறியும் இறங்கியும் அமைந்திருக்கின்றன. நில அளவைப் படத்தின் சமவுயரக் கோடுகளை அழிக்க வேண்டிய தடைகளாகக் கொள்ளாமல், அறைகளை வரிசைப்படுத்தும் ஆதாரமாகக் கொண்டால் மட்டுமே அப்படியொரு வீடு பிறக்கும்.

கைத்தொழில்கள் விஷயத்திலும் அவருடைய முறை கவனிக்கத்தக்கது. கண்டிக்கு அருகே தும்பறைப் பிரதேசத்தில் நார்கொண்டு நெய்யப்படும் பாய்களை, சுவரில் மாட்டும் அலங்காரமாக அல்லாமல், கதவுகளின் பலகங்களாகவே அவர் பயன்படுத்தினார். இதன் பொருளை வரைபலகையின் முன் அமர்ந்தவர்கள் உடனே உணர்வார்கள்: தறியில் நெய்யக்கூடிய அகலத்துக்குக் கதவின் சட்டம் இணங்க வேண்டும்; நெசவு முடியும் காலத்துக்குத் தச்சர் காத்திருக்க வேண்டும்; நெசவாளியின் கூலி கட்டுமான மதிப்பீட்டில் தனி வரியாக ஏற வேண்டும். அப்போதுதான் அந்தக் கலைஞன் சுற்றுலாப் பயணியின் தயவை எதிர்பார்த்திருக்கும் நிலை நீங்கி, மேசனையும் தச்சனையும் போல வேலைத்தலத்தில் ஓர் உரிமையுள்ள ஆளாகிறான். அதே வேளையில் கான்கிரீட்டையும் கண்ணாடியையும் அவர் தீண்டாமல் ஒதுக்கவில்லை என்பதையும், மண்ணைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டிருக்கும் சில நண்பர்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறோம்.

எனினும், எம் அபிப்பிராயத்தில், அவர் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் மிகப் பெரியது எந்தத் தனி வீடும் அன்று; 1958 அளவில் நிறைவேறிய வட்டபுளுவ குடியிருப்புத் திட்டமே. இனத்தாலும் சமயத்தாலும் வருவாயாலும் வேறுபட்ட 200க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு அமைக்க வேண்டிய இடத்தில், ஒரே படத்தை அத்தனை முறையும் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ வினாக்கொத்துத் தயாரித்து, குடும்பங்களின் தேவைகளையும் வழக்கங்களையும் விசாரித்தறிந்து, சில மாதிரி வகைகளை வகுத்து, அவற்றை அவரவர்க்கு ஏற்பத் திருத்திக் கொடுத்தார். சமையலறை எந்தப் பக்கம், பூசைக்கோ தொழுகைக்கோ இடம் எங்கே, முதியவர் படுக்கும் அறைக்குப் படி ஏற வேண்டுமா என்பன போன்றவை கேட்டாலன்றித் தெரியாத சங்கதிகள். சமூகப் பங்கேற்பு என்று நாம் இன்று கருத்தரங்குகளில் முழங்குவதன் ஸ்தூலமான உருவம் இந்த அலுப்பூட்டும் விசாரணைதான்.

பிராந்தியத்துக்குரிய நவீனக் கட்டடக்கலை என்ற கருத்தை, மேல்நாட்டு விமர்சகர்கள் 1980களில் அதற்கொரு சித்தாந்தப் பெயர் சூட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் எழுதியும் கட்டியும் காட்டியிருந்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் தங்கப்பதக்கம் 1996இல்தான் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் காலமானார். அவர் கட்டியவற்றுள் பல இடிக்கப்பட்டுவிட்டன.

வட்டபுளுவவில் அவர் நடத்தியது போன்ற விசாரணைக்கு இளம் கட்டடக்கலைஞருக்குக் காலம் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். கட்டுமானச் செலவில் இத்தனை வீதம் என்று நம் ஊதியம் கணக்கிடப்படும் வரையில், மாதக்கணக்கில் கேட்டறிந்து, தாங்குசுவரைத் தவிர்த்து, செலவைச் சுருக்கிய ஒருவர் தம் உழைப்பைக் கூட்டித் தம் வருமானத்தைக் குறைத்துக்கொண்டவர் ஆகிறார். மலையை வெட்டியவருக்கோ வெட்டிய மண்ணுக்கும் சேர்த்து வீதம் கிடைக்கிறது. இந்த விபரீதத்தை இளைஞரின் தியாக உணர்ச்சியை நம்பி நீடிக்கவிடுவது நம் தொழிற்சங்கங்களுக்குக் கௌரவம் அன்று. தள ஆய்வையும் குடும்ப விசாரணையையும் தனிக் கட்டமாகப் பிரித்து, கட்டுமானச் செலவோடு சம்பந்தமில்லாத ஊதியத்தை அதற்கு நிர்ணயிக்க வேண்டும் என்பது எம் கோரிக்கை.

அடுத்த இதழ் முதல், வேலைகளை அனுப்பும் அன்பர்கள் முகப்புப் புகைப்படத்தோடு, கட்டுவதற்கு முன்பும் பின்பும் உள்ள நிலமட்டப் படங்களையும், குடியிருப்போரிடம் கேட்ட வினாக்களையும், உள்ளூர்க் கைவினைஞருக்குச் சென்ற தொகை மதிப்பீட்டில் எவ்வளவு என்பதையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். புகைப்படம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.