சித்திரம் யாருடையது?

ஆஸ்திரேலிய நகரங்களின் பரிசுப் பொருள் கடைகளில், அந்நாட்டுப் பூர்வகுடி ஓவியங்களைத் தாங்கிய சிறு பண்டங்கள் ஏராளமாய் விற்பனையாகின்றன. கைப்பை, கழுத்துக்குட்டை, மூக்குக் கண்ணாடி உறை, தேநீர்க் கோப்பை, சாவிக் கொத்து என்று எல்லாம் அன்றாடம் புழங்குபவையே. அவற்றுள் சிலவற்றில் ஓவியரின் பெயரும் ஊரும் அச்சிட்ட சீட்டொன்று தொங்கும். ஓவியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, விற்பனையில் ஒரு பங்கை அவருக்குச் செலுத்தும் ஏற்பாட்டின் அடையாளம் அது. வேறு பலவற்றில் அச்சீட்டு இராது. இது தூரதேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் தள்ளிவிடலாகாது.

1966-ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளியான ஒரு டாலர் நோட்டில், டேவிட் மலாங்கி என்னும் பூர்வகுடி ஓவியர் மரப்பட்டையில் தீட்டிய சித்திரம் இடம்பெற்றது. அவரை யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளிப்பட்ட பின்னரே ரிசர்வ் வங்கி அவருக்கு ஆயிரம் டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி சாதனங்களும் வழங்கிற்று. அரசாங்க நோட்டுக்கே இக்கதியெனில் கடைச் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

நெசவாளராகிய நம் உள்ளத்தை அதிகம் தைப்பது 1994-இல் தீர்ப்பான வழக்கு. எட்டு ஓவியர்களின் சித்திரங்களை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளங்களாக்கி, ஒரு கம்பெனி ஆஸ்திரேலியாவில் இறக்குமதி செய்து விற்றது. தம் குலத்தின் புனித வரலாறு பிறர் காலில் மிதிபடுவது அவர்களுக்குப் பொருள் நஷ்டத்தினும் கொடிய துயரம். அத்துயரத்தையும் கணக்கில் கொண்டே நீதிமன்றம் 1,88,640 டாலர் நஷ்டஈடு விதித்தது. கம்பளம் செய்த கைகளைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சித்திரம் யாருடையது என்று அவர்களுக்கு எவர் சொல்லியிருப்பார்?

சட்டத்தின் கரம் எங்கும் எட்டுவதுமில்லை. இந்தோனேசியாவில் செய்த 18,000-க்கு மேற்பட்ட பண்டங்களைப் பூர்வகுடிகளின் கைவேலை என்று தோன்றும்படி விற்ற ஒரு கம்பெனிக்கு, 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது வாங்குவோரை ஏமாற்றியதற்கான தண்டனை, பாணியை அபகரித்ததற்கன்று. ஓர் ஓவியரின் தனிச் சித்திரத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஒரு குலத்தின் பொதுப் பாணிக்கு அவ்வாறு காவல் இல்லை. ஆகவேதான் அத்தகைய பண்டங்களுக்காக 2019-20-இல் செலவிடப்பட்ட தொகையில் பாதிக்கு மேல் போலிகளுக்கே சென்றது என்று, அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் அறிவித்தது.

மலிவுச் சரக்கு பலருக்கு வேலை தருகிறதே என்பார் உண்டு. வேலையும் நேர்மையும் ஒன்றோடொன்று பகையல்ல. மத்திய ஆஸ்திரேலியாவின் ஓவியர்கள் உரிமம் அளித்த சித்திரங்களைக் காஷ்மீரத்துக் கைவினைஞர்கள் கம்பளி நூலால் சங்கிலித் தையலிட்டுத் தலையணை உறைகளாக்குகின்றனர். தைப்பவருக்குக் கூலி, தீட்டியவருக்குப் பங்கு.

நம் பக்கத்திலும் பார்ப்போம். நீலகிரித் தோடர்களின் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு காப்பது முக்கியமாய்ப் பெயரை. அதன் சிவப்பும் கறுப்புமான கோலத்தை வேறு பெயரில் துணியில் அச்சடிப்பவனைப் பிடிப்பது எளிதன்று. விசைத்தறியில் நகலாகும் நம் கைத்தறிக் கரைகளுக்காக வருந்தும் நாமே, பைக்கும் மேசை விரிப்புக்கும் ஆர்டர் வரும்போது மாதிரியைக் கேள்வியின்றி வாங்கிக்கொண்டால் அது எவ்வகை நியாயம்?

ஆதலால் நாம் கோருவது இது: சங்கங்களின் ஆர்டர் புத்தகத்தில் மாதிரிக்கென ஒரு பத்தி வகுக்கப்பட வேண்டும். சித்திரம் யாருடையது, அனுமதிக் கடிதம் உண்டா, எத்தனை உருப்படிக்கு, எவ்வளவு காலத்துக்கு, பங்கு எவ்வளவு என்பவை அதில் எழுதப்படட்டும். உரிமைப் பங்கினால் பையின் விலை சிறிது கூடும். அத்தொகையைக் கூலியிலிருந்து கழிக்காமல் வாங்குவோரிடமே பெற வேண்டும் என்பதையும் நிர்வாகக் குழுக்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நலம்.