தோட்டப் பாதைகளைப் பிரதேச சபைகளின் பொறுப்பில் எடுக்கக் கோரும் மனு

மாகாண உள்ளூராட்சி ஆணையாளர் அவர்கள்,
மத்திய மாகாணம்.

ஐயா / அம்மணி,

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் லயன்களில் குடியிருக்கும் மலையகத் தமிழ் மக்கள் சார்பில் எமது சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இதற்கிடையே வந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாமல் தடுத்தது. எங்கள் வாக்கில் தெரிவான உறுப்பினர்களால் ஒரு லயத்துக்குக் கான்கூடக் கட்டித்தர இயலவில்லை.

அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகளும் கிடைத்தன. இவற்றுக்காகப் போராடியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் பணம் இன்னும் தோட்டத்துக்குள் வரவில்லை.

எங்கள் பெரட்டுக்களத்திலிருந்து மேல் டிவிஷனுக்கு ஏறும் பாதைக்குக் கொங்கிரீட் போடக் கேட்டால், அது தங்கள் பதிவேட்டில் இல்லை என்கிறது சபை. பொதுப் பாதை சபையின் வேலை என்கிறது தோட்ட நிர்வாகம். மழை பிடித்துவிட்டால் அங்கே ஆட்டோ ஏறாது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டி, நான்கு பேர் தோளில் சுமந்து தார் ரோட்டுக்கு இறக்குகிறோம். வழுக்கும் இடத்தில் முன்னால் போகிறவர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். இது எப்போதோ ஒருமுறை நடந்ததல்ல, ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடப்பது.

இக்காணி கம்பனிகளுக்குச் சொந்தமானதும் அல்ல. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசு பொறுப்பேற்ற தோட்டங்களின் நிர்வாகமே 1992இல் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அரசின் காணியிலுள்ள பாதையை அரசின் இன்னொரு நிறுவனமான சபையிடம் ஒப்படைக்க முடியாது என்பதை எங்களால் ஏற்க முடியாது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு, தெரிவான சபை இல்லை என்று காரணம் சொன்னார்கள். 2025 மே 6 தேர்தலோடு அந்தக் காரணமும் போய்விட்டது.

ஆகவே, குடியிருப்புகளுக்குச் செல்லும் தோட்டப் பாதைகளைச் சபை உறுப்பினர்களையும் எங்களையும் வைத்துக்கொண்டு அளந்து, பட்டியலிட்டு, வர்த்தமானியில் வெளியிட்டுச் சபைகளிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவே முதற் கோரிக்கை. கம்பனிகளின் இணக்கத்தைப் பெறும் பொறுப்பை உறுப்பினர்களின் தலையில் கட்டாமல் தங்கள் திணைக்களமே ஏற்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி இலக்கம் தேவை. கடிதங்கள் தோட்ட ஆபீசில் கட்டாகக் கிடப்பதால், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பரீட்சை முடிந்தபின் பிள்ளைகள் கைக்கு வருகிறது. சபைக் கூட்ட அறிக்கைகளும் வரவுசெலவுத் திட்டமும் தமிழிலும் அதே நாளில் கிடைக்க வேண்டும். அரசியலமைப்பின்படி தமிழும் நிர்வாக மொழியே. தனக்குப் புரியாத வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தும் உறுப்பினரை எங்கள் பிரதிநிதி என்று சொல்லிப் பயனில்லை. அடுத்த வட்டார எல்லை நிர்ணயத்தில் ஒரே தோட்டத்தின் டிவிஷன்களைப் பிரித்து வாக்குகளைச் சிதறடிக்காதிருக்கவும் பரிந்துரைக்குமாறு கேட்கிறோம்.

பாதைகளை அளக்கும் வேலை தொடங்கும் திகதியைத் தமிழில் எழுத்துமூலம் அறியத்தருமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர்
தோட்டக் குடியிருப்பாளர் சங்கம்

பிரதி: அரசாங்க அதிபர், நுவரெலியா மாவட்டம்