கபாடிக்காரர் திருப்பித் தந்த கைப்பிடி

டெல்லியில் நான் குடியிருக்கும் தெருவுக்கு ஞாயிறுதோறும் காலையில் ஒரு கபாடிக்காரர் மிதிவண்டியில் வருவார். சென்ற மாதம், அடி உப்பிப்போன பழைய அலுமினிய குக்கர் ஒன்றை அவரிடம் போட்டேன். தராசில் வைப்பதற்கு முன் அவர் திருப்புளியை எடுத்து நீண்ட கைப்பிடியையும் எதிர்ப்புறத்துக் குட்டைக் கைப்பிடியையும் கழற்றினார். மூடியின் ரப்பர் வளையத்தையும் உருவினார். அலுமினியத்தை மட்டும் எடைபோட்டார். கழற்றிய பொருள்களை என் கையிலேயே திணித்துவிட்டு, "யே கூடா ஹை" என்றார். இது குப்பை என்று பொருள்.

அந்த ஒரு சொல்தான் இப்பதிவை எழுதத் தூண்டியது.

வீட்டுப் பழம்பொருள்களைக் கொண்டு சுவர்மாட்டிகள் செய்யும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எவர்சில்வர் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் வளைத்து, மரப்பலகையில் வரிசையாகப் பதித்து, சாவியோ பையோ தொங்கவிட்டுப் படம் பிடித்துப் போடுகிறார்கள். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லாதது படத்தின் கீழே தவறாமல் வந்து சேரும் ஒரு வாசகம்: குப்பைமேட்டுக்குப் போகவிருந்த பொருளைக் காப்பாற்றிவிட்டோம் என்பது. இந்திய நகரங்களில் எவர்சில்வர் கரண்டியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையன்று.

இச்செயலைக் குறிக்கும் 'அப்சைக்ளிங்' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1994இல் ரெய்னர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கட்டடங்களை இடித்துச் செங்கல்லை நொறுக்கிப் போடும் மறுசுழற்சி முறையைக் குறைகூறியபோது இச்சொல்லைப் பயன்படுத்தினார். பழைய பொருளின் மதிப்பைக் குறைக்காமல் உயர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. நியாயமான கருத்துதான். ஆனால் ஒரு சொல் இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது, அது பிறந்த இடத்தின் நிலைமைகளும் உண்மைபோலவே உடன்வந்து விடுகின்றன. பழைய உலோகச் சாமானை வாசலிலேயே வந்து விலைகொடுத்து வாங்கிச் செல்ல ஆளில்லாத ஊரில், கரண்டி குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடும். நம் தெருக்களில் அப்படி நேர்வது அரிது.

இந்தியில் 'கபாட்', 'கூடா' என்ற இரண்டு சொற்கள் உள்ளன. பேச்சு வழக்கில் இவை சில வேளை கலந்துவிடும். ஆயினும் வாசலில் நடக்கும் வணிகத்தில் வேறுபாடு தெளிவானது: கபாட் விலை போகும், கூடா போகாது. தமிழிலும் 'பழைய இரும்பு, ஈயம், பித்தளை' என்று கூவி வருபவருக்குப் போடுவது வேறு, குப்பைக்குப் போடுவது வேறு. இரும்பு, எவர்சில்வர், செம்பு, பித்தளை, அலுமினியம் எல்லாம் எடைக்கு விலைபோய், தரம் பிரிக்கப்பட்டு, உருக்குலைக்குப் போய்ச் சேர்கின்றன. பழைய துணிக்கும் கதி உண்டு. வாக்ரி சமூகத்துப் பெண்கள் டெல்லியில் வீடுவீடாகப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கி, ரகுபீர் நகர்ச் சந்தையில் விற்பது நெடுநாளைய தொழில். ஆகவே, கரண்டியைக் குப்பையிலிருந்து காப்பாற்றினேன் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் கரண்டியை நாள்தோறும் உண்மையிலேயே காப்பாற்றி வருபவர் கணக்கில் வராமலே போகிறார். அவருடைய உழைப்பின் பெயரில் நாம் பாராட்டு வாங்கிக்கொள்கிறோம். இதுதான் என் மனக்குறை.

அப்படியானால் சுவர்மாட்டி செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். எதைக்கொண்டு செய்வது என்பதற்கு அந்தக் கபாடிக்காரரே வழிகாட்டிவிட்டார்: அவர் திருப்பித் தருவதைக்கொண்டு.

குக்கர் கைப்பிடி, வாணலிப் பிடி, பாத்திர மூடியின் கறுப்புக் குமிழ் ஆகியவை பெரும்பாலும் பேக்லைட் வகைப் பொருளால் ஆனவை. லியோ பேக்லாண்ட் 1907இல் உருவாக்கிய இது, வெப்பத்தால் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது, கருகும். அடுப்பருகே பிடியாக இருக்கும் தகுதியை அதற்குத் தருவது இந்தப் பண்பே. உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாமல் செய்வதும் இதே பண்பே. பீங்கானும் அப்படித்தான். பழைய வீடுகளில் கழற்றி எறியப்படும் பீங்கான் ஃபியூஸ் கட்டையையும் உடைந்த கோப்பையின் காதையும் எடைக்கு எடுப்பார் இல்லை. உண்மையில் குப்பைமேட்டுக்குப் போகின்றவை இவைதாம்.

மாட்டிக்கு இவை பொருத்தமானவையும்கூட. நிரம்பிய குக்கரின் பாரத்தைத் தாங்கவே செய்யப்பட்ட கைப்பிடிக்கு ஒரு தோள்பை பெரிய சுமையன்று. மூடிக் குமிழ் இன்னும் எளிது. அதன் அடியில் மரையிட்ட துளை ஏற்கெனவே இருக்கும். உடைந்த கட்டிலின் சட்டத்தில் ஒரு துண்டை எடுத்துத் துளையிட்டு, பின்புறமிருந்து திருகாணியைச் செலுத்திக் குமிழை முடுக்கினால் போதும். மூடியில் இருந்த பழைய திருகாணி மரத்தின் கனத்துக்கு எட்டாது. அதை ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் சென்று, அதே மரையில் நீளமானதாக வாங்க வேண்டும். திருகாணியின் தலை மரத்துக்குள் அமிழும்படி பின்புறத் துளையை அகலமாக்கினால்தான் பலகை சுவரோடு படிந்து நிற்கும். பேக்லைட்டில் புதிதாகத் துளையிட வேண்டாம். பழைய தயாரிப்புகள் சிலவற்றில் கல்நார் கலந்ததுண்டு. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. இருக்கும் துளையைப் பயன்படுத்துவதே அறிவு.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். ஆணியடிக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு அஞ்சி நானும் முதலில் பலகையைப் பசையால் ஒட்டினேன். மூன்றாம் நாள் இரவு பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பும் பெயர்ந்துவந்தது. பசை வண்ணத்தைப் பிடித்திருந்தது. வண்ணம் சுவரைப் பிடித்திருக்கவில்லை. பிறகு, முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற இரண்டு துளைகளின் இடைவெளியை அளந்து, அதற்கேற்பப் பலகையில் துளையிட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை செல்லும் திருகாணிகளால் பொருத்தினேன். இன்று அதில் என் குளிர்காலச் சட்டையும் இரண்டு பைகளும் தொங்குகின்றன.

இந்த அணுகுமுறைக்கு இந்தியாவிலேயே பெருஞ்சான்று ஒன்று உண்டு. சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் யாருமறியாமல் ஒரு காட்டுப்பகுதியில் கட்டத் தொடங்கி, 1976இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பாறைத் தோட்டத்தைப் பாருங்கள். உடைந்த வளையல், உடைந்த பீங்கான், ஓடு, மின்பொருத்திகள் என எவரும் விலைகொடுத்து வாங்காதவற்றால் எழுந்த சுவர்களும் சிலைகளும் அங்கே நிற்கின்றன.

பாட்டி புழங்கிய பித்தளைக் கரண்டியை நினைவுக்காகச் சுவரில் பதித்துக்கொள்பவரோடு எனக்கு வழக்கில்லை. அன்புக்குச் சுற்றுச்சூழல் காரணம் தேவையில்லை. ஆனால் ஒரு கைவினைக் கண்காட்சியில் வளைத்த கரண்டி மாட்டிகளை விற்றவரிடம் பழைய கரண்டிகள் எங்கே கிடைக்கின்றன என்று கேட்டபோது, ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று புதிதாக டஜன் கணக்கில் வாங்குவதாகச் சொன்னார். அட்டையிலோ பூமியைக் காப்போம் என்று எழுதியிருந்தது. செயல் மறைந்து சொல் மட்டும் விற்பனைக்கு வந்துவிட்டால் இப்படித்தான் முடியும்.

என் சுவரில் இருக்கும் நான்கு குமிழ்களாலும் ஒரு கைப்பிடியாலும் காஜிப்பூர்க் குப்பைமலை ஓர் அங்குலமும் தாழப்போவதில்லை. அப்படி நான் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். கடையில் ஒரு மாட்டி வாங்கவில்லை, விலைபோகாத சில பொருள்கள் பயன்படுகின்றன, அவ்வளவே. நீங்களும் செய்வதானால், முதலில் வீட்டிலுள்ள பழையவற்றை உங்கள் தெருவுக்கு வருபவரிடம் காட்டுங்கள். அவர் எடுத்துக்கொள்வதை அவருக்கே விட்டுவிடுங்கள். அது அவருடைய அன்றைய கூலி. அவர் வேண்டாமென்று ஒதுக்கி வைப்பதிலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.