தோட்டத்து வரலாற்றில் நாம் சொல்லாமல் விட்ட கணக்கு



வேளாண்மை பற்றித் தமிழ்ப்பள்ளியில் பேச்செடுத்தால் நாம் வழக்கமாக இரண்டு இடங்களுக்குத்தான் போகிறோம். ஒன்று, திருக்குறளின் உழவு அதிகாரம். மற்றொன்று, நம் பாட்டன் பாட்டி கித்தாக்காட்டில் பட்ட துன்பம். முன்னதை மனனம் செய்விக்கிறோம். பின்னதைச் சொல்லிக் கண்கலங்குகிறோம். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் அந்த நிலம் யாருடையது, விலையைத் தீர்மானித்தவர் யார், இலாபம் எவ்வழியே சென்றது என்னும் கணக்கு நம் வகுப்பறைக்குள் வருவதே இல்லை. வேளாண் வணிகம் என்று அதற்குப் பெயர். 1957-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிஸ், கோல்ட்பர்க் என்னும் இருவர் எழுதிய நூல் அச்சொல்லைப் பரவலாக்கியது. விதை, நிலம், ஆலை, கப்பல், கடை எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்றனர் அவர்கள். சொல் புதிது, ஜோகூர் மண்ணில் பொருள் பழையது.

கம்பிர் என்னும் செடியைப் பற்றி நம் மாணவர்களுள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புப் பொருள் அதன் இலையிலிருந்து கிடைக்கும். தோல் பதனிடவும் சாயமேற்றவும் அது பயன்பட்டது. 1844 முதல் ஜோகூர் ஆட்சியாளர் 'சூராட் சுங்கை' என்னும் உரிமைக் கடிதங்களைச் சீனத் தலைவர்களுக்கு வழங்கினார். ஓர் ஆற்றங்கரை முழுவதையும் திருத்திக் கம்பிரும் மிளகும் பயிரிடும் உரிமை அது. உரிமை பெற்றவர் 'காங்சூ' எனப்பட்டார். இலையைக் காய்ச்சி எடுத்த சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. காய்ச்சுவதற்கு விறகாகச் சுற்றியிருந்த காடு எரிந்தது. சில ஆண்டுகளில் மண் சோர்ந்ததும் அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குடியிருப்பில் அபினி, சாராயம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமையும் காங்சூவின் கையில்தான் இருந்தது. கூலியாகப் போன பணம் மாலைக்குள் அவரிடமே திரும்பிவிடும்! தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைவுகூரும் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. அம்முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அதன் எச்சம் இன்றும் இருக்கிறது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அவற்றில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி வகுத்தார். மோட்டார் வண்டி பெருகியது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. நம் முன்னோர் கப்பலேறியதற்குத் தமிழகத்து வறுமை ஒரு காரணம். அமெரிக்கச் சாலையில் ஓடிய கார் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை முதலீட்டாளர் எதைக் கொண்டு செலவைச் சரிக்கட்டினார்? பலர் இளங்கன்றுகளுக்கு இடையே அன்னாசியை நட்டார்கள். பொந்தியான் வட்டாரத்தில் 'பெக்கான் நானாஸ்' என்று ஊருக்கே அன்னாசியின் பெயர் அமைந்துவிட்டது. காத்திருக்கும் காலத்துக்கும் வருமானம் தேடுவது வேளாண் வணிகத்தின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. விலை ஏறியபோது கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் விலை சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். உற்பத்தியைக் குறைத்து விலையைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்டீவன்சன் திட்டம் 1922 முதல் 1928 வரை நடப்பில் இருந்தது. ஆளைக் குறைத்துச் செலவைத் தாழ்த்துவதும் அதே கணக்கேட்டின் இன்னொரு பக்கந்தான். அந்தக் கணக்கேட்டில் நாம் செலவுப் பத்தியில் இருந்தோம்.

பின்னர் வந்தது செம்பனை. பறித்த குலையை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ரப்பர்ப் பாலைத் தகடாக்கி உலர்த்தி வைத்து, சிறுதோட்டக்காரர் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். செம்பனைக்காரர் காத்திருக்க முடியாது. ஆகவே ஆலை யாருடையதோ அவருடைய கைதான் ஓங்கும். ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் இது விளங்கும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

குளுவாங் பாமோல் தோட்டத்தின் கதையையும் சொல்லலாம். ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்களே மகரந்தப் பொடியைத் தூவினார்கள். பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனில் ஆராய்ந்து, மகரந்தச் சேர்க்கையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று கண்டறிந்தார். 1981-இல் அவ்வண்டுகளைப் பாமோலில் விட்டார்கள். விளைச்சல் உயர்ந்தது, கையால் தூவும் வேலை மறைந்தது. அறிவியல் பாடத்தில் இது வெற்றிக்கதை. அந்த வேலையைச் செய்தவர்களின் வீட்டில் என்ன கதை?

அதே 1981, செப்டம்பர் 7 அன்று இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் வாங்கிவிட்டது. தோட்டங்களில் அன்றும் வழக்கம்போல் பெரட்டு எடுத்திருப்பார்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950, 60-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது இதுதான் நேர்ந்தது. அதற்கு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், 1956-இல் தொடங்கப்பட்ட பெல்டா குடியேறிகளுக்கு வீட்டையும் சுமார் 10 ஏக்கர் நிலத்தையும் கடனாக அளித்து, கடன் தீர்ந்ததும் பட்டா கிடைக்க வழி செய்தது. கூலாய் அருகே தாயிப் அண்டாக் திட்டத்தில் அது செம்பனையைப் பயிரிட்டது. நான் யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. ஒரே செம்பனை மரத்தடியில் பட்டா உள்ளவரின் பிள்ளைக்கும் பட்டா இல்லாதவரின் பிள்ளைக்கும் எதிர்காலம் எவ்வாறு பிரிந்தது என்பதைப் பிள்ளைகள் கணக்காகவே பார்க்கட்டும் என்கிறேன்.

பெற்றோர் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். பள்ளித் தோட்டத்தில் கீரை போடலாம் என்று கூறியபோது ஒரு தாய் என்னிடம், "எங்கம்மா பால்மரம் வெட்டுனது போதும் ஐயா, எம்பிள்ளைக்கு மண்வெட்டி வேணாம்" என்றார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அவர் வெறுப்பது வேளாண்மையை அன்று; நிலமில்லாத உழைப்பை. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம். கண்ணீரை மட்டும் சொன்னோம், கணக்கைச் சொல்லவில்லை. அதன் விளைவாக, ஜோகூரைச் சுற்றி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இத்துறையில் ஆலைப் பொறியாளராகவோ மண் ஆய்வாளராகவோ வரலாம் என்னும் எண்ணமே நம் பிள்ளைகள் பலருக்கு எழுவதில்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஒரு டன் குலையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் விலையைக் கொடுத்து, குலைக்கும் எண்ணெய்க்கும் உள்ள இடைவெளியைக் கணிதப் பாடத்தில் கேளுங்கள். பள்ளித் தோட்டத்தில் போடும் கீரைக்கு விதை, உரம், நேரம் மூன்றையும் எழுதி, விற்ற பணத்தை எதிரே எழுதச் சொல்லுங்கள். நட்டம் வந்தால் இன்னும் நல்லது. பேசுவதற்குப் பொருள் கிடைக்கும்.

ஸ்கூடாய் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் போல, சுற்றிலும் தாமான் வீடுகள் எழுந்த பின்னும் பெயரில் தோட்டத்தைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் நம் மாநிலத்தில் பல. பல பள்ளிகளின் வரலாற்று மூலையில் உளியும் மங்கும் வாளியும் இருக்கும். அவற்றின் அருகே ஒரு பழைய சம்பளச் சீட்டோ செக்ரோல் தாளோ இருப்பதை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதேனும் இருந்தால், உங்கள் பிள்ளையின் பள்ளிக்குக் கொடுத்து உதவுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் குடும்பத்துச் சொத்து.